திரையும் துணியும்: முஸ்லிம் பெண்களின் முக்காட்டுக்குப் பிறர் இட்ட பெயர்களின் வரலாறு

ஓர் ஆடையை அணிவோர் அதற்கு வழங்கும் பெயரும், அதனை அணியாதோர் வழங்கும் பெயரும் பல வேளைகளில் வேறுபடுகின்றன. அணிவோர்க்கு அதன் நீளம், நிறம், உடுத்தும் முறை, உடுத்திச் செல்லும் இடம் ஆகியன எல்லாம் பொருட்படுத்தத்தக்கவை. எனவே அவர்தம் வழக்கில் பெயர்கள் பலவாகும். அணியாதோர்க்கு அது தம் ஆடையினின்றும் வேறானது என்பதே முதற்செய்தி. எனவே அவர்களுக்குப் பெயர் ஒன்றே போதியதாகிவிடுகிறது. முஸ்லிம் பெண்கள் தலையை, முகத்தை அல்லது உடல் முழுவதையும் மறைத்துக்கொள்ள அணியும் ஆடைகளைப் பற்றிப் பிற சமயத்தாரும் சமயம் சாராதோரும் கொண்ட மனப்பாங்கின் வரலாறு, பெரும்பகுதி இப்பெயர்களின் வரலாறாகவே அமைந்துள்ளது.

அவ்வாடை அணியத்தக்கதா, விலக்கத்தக்கதா என்னும் வினா இக்கட்டுரையின் எல்லைக்குள் வரவில்லை. அவ்வினாவை எழுப்பியோர் எச்சொல்லைக் கொண்டு எழுப்பினர் என்பதே இங்கு ஆராயப்படுகிறது. மொழிபெயர்ப்பாளர்க்கு இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. சட்டமும் தீர்ப்பும் கருத்துக் கணிப்பும் ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குச் செல்லும்போது பெயர் மாறினால் ஆடை மாறுகிறது. ஆடை மாறினால் அதனை அணிந்தவரின் வழக்கே மாறிவிடுகிறது.

1. திரை, மூலை, துணி

இன்று உலகெங்கும் தலைமுக்காட்டைக் குறிக்கும் ‘ஹிஜாப்’ என்னும் அரபுச் சொல் முதலில் ஆடையைக் குறித்ததன்று. மறைத்தல், இடைநின்று தடுத்தல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்த இச்சொல் குர்ஆனில் ஏழு இடங்களில் வருகிறது. ஆங்கெல்லாம் திரை, தடுப்பு என்னும் பொருளே பொருந்துகிறது. ஆடையைக் குறிக்க அந்நூல் ஆளும் சொற்கள் வேறு: 24ஆம் அத்தியாயத்தில் ‘கிமார்’ என்பதன் பன்மையும், 33ஆம் அத்தியாயத்தில் ‘ஜில்பாப்’ என்பதன் பன்மையும் வருகின்றன. முன்னது தலையை மூடும் துணி. பின்னது மேலே போர்த்தும் ஆடை.

பாரசீகத்திலிருந்து இந்திய மொழிகளுக்கு வந்த ‘பர்தா’ என்பதன் முதற்பொருளும் திரைச்சீலையே. தமிழில் வழங்கும் ‘கோஷா’வும் பாரசீகச் சொல்லே, அதன் பொருள் மூலை. மூலையில் ஒதுங்கி இருத்தல் என்னும் கருத்திலிருந்து பெண்கள் வெளியார் கண்ணில் படாதிருக்கும் வழக்கத்துக்கு அது பெயராயிற்று.

ஆகவே ஹிஜாப், பர்தா, கோஷா ஆகிய மூன்றும் தொடக்கத்தில் இடத்தைப் பற்றிய சொற்கள். அவை வீட்டின் அமைப்பைச் சார்ந்தவை. பின்னரே ஆகுபெயராய் உடல்மேல் இடும் துணியைக் குறிக்கலாயின. நிகாப், புர்கா, சாதர், ஹாயிக் முதலிய சொற்களோ தொடக்கத்திலிருந்தே துணியின் பெயர்கள். இவ்விரு வகைச் சொற்களையும் அயலார் ஒன்றாகக் கலந்தமையே பிற்காலக் குழப்பங்கள் பலவற்றுக்கு வித்தாயிற்று. வீட்டுக்குள் அடைந்திருத்தல் ஒரு நிலை. துணி அணிந்து வெளியே செல்லுதல் அதற்கு மாறான மற்றொரு நிலை. ஒரே பெயர் இரண்டையும் குறிக்கும்போது இவ்வேறுபாடு மறைந்துபோகிறது.

2. ஐரோப்பியர் நோக்கு

ஐரோப்பியர் மனப்பாங்கு என்றும் ஒருபடித்தாய் இருந்ததில்லை. 1717-18ஆம் ஆண்டுகளில் இஸ்தான்புல்லில் ஆங்கிலேயத் தூதரின் மனைவியாக வாழ்ந்த மேரி வொர்ட்லி மாண்டேகு அம்மையார், அந்நகரப் பெண்களின் மூடாடையை அடிமைத்தனத்தின் சின்னமாகக் கருதவில்லை. தம்மை யாரும் அடையாளம் காணாமல் எங்கும் சென்றுவர அது துருக்கியப் பெண்களுக்கு உரிமை தருகிறது என்பது அவர் கருத்து. அவருடைய கடிதங்கள் 1763இல் நூலாயின. பெண்களின் இருப்பிடங்களுக்குள் சென்று அவர்களோடு பழகியவர் அவர் என்பது இங்குக் கருதத்தக்கது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பேரரசுக் காலத்தில் இந்நோக்கு மாறியது. 1883 முதல் 1907 வரை எகிப்தில் ஆங்கில அரசின் தலைமைப் பிரதிநிதியாக இருந்த குரோமர் பிரபு, 1908இல் வெளியிட்ட நூலில் பெண்களின் தனிமைப்படுத்தலை அந்நாட்டு முன்னேற்றத்துக்கு ஒரு பெருந்தடையாகக் காட்டினார். அவரே இங்கிலாந்தில் பெண்களுக்கு வாக்குரிமை வழங்கலாகாது என்று போராடிய ஆடவர் சங்கத்தின் தலைவராகவும் விளங்கினார். இம்முரணை லைலா அகமது 1992இல் வெளிவந்த தம் நூலில் எடுத்துக்காட்டினார். பிறர் நாட்டுப் பெண்ணின் ஆடையைப் பற்றிப் பேசுவது, பேசுவோரின் ஆட்சிக்கு நியாயம் தேடுவதாகவும் அமையக்கூடும் என்பதற்கு இது சான்று.

அல்ஜீரியாவில் இது அரசியல் நிகழ்ச்சியாகவே நடத்தப்பட்டது. 1958 மே மாதத்தில் அல்ஜியர்ஸ் நகரில் பொதுமக்கள் முன்னிலையில் சில பெண்களின் மூடாடை களையப்பட்டது. அப்பெண்கள் அணிந்திருந்தது ‘ஹாயிக்’ எனப்படும் வெண்ணிற மேற்போர்வை. பிரெஞ்சுச் சுவரொட்டிகளோ அதனை ‘வொால்’ என்னும் பொதுப்பெயரின் வினைவடிவத்தால் சுட்டி, அதை நீக்கிவிடுமாறு பெண்களை அழைத்தன. மறுஆண்டில் ஃபிரான்ஸ் ஃபனான் வெளியிட்ட நூலின் முதல் இயல் இப்பொருள் பற்றியதே. ஆட்சியாளர் களைய முற்பட்டதனாலேயே அவ்வாடை எதிர்ப்பின் சின்னமாயிற்று என்று அவர் விளக்கினார். ஹாயிக் என்னும் பெயர் ‘வொால்’ என்பதனுள் கரைந்தபோது, ஓர் ஊரின் துணி ஒரு சமயத்தின் அடையாளமாகிவிட்டது.

3. இந்தியாவில் பர்தாவும் கோஷாவும்

இந்தியாவில் ‘பர்தா’ முஸ்லிம்களுக்கு மட்டும் உரிய சொல்லாக இருக்கவில்லை. வடஇந்திய உயர்குடி இந்துப் பெண்களின் ‘கூங்கட்’ வழக்கமும் ஆங்கில நூல்களில் பர்தா என்றே குறிக்கப்பட்டது. காந்தியடிகள் 1927இல் ‘யங் இந்தியா’ இதழில் பீகாரின் பர்தா வழக்கத்தைக் கண்டித்து எழுதியபோது அவர் பெரும்பாலும் இந்துக் குடும்பங்களையே மனத்திற் கொண்டிருந்தார்.

ஆங்கிலேயர் காலத்து நீதிமன்றங்கள் ‘பர்தாநஷீன்’, அதாவது திரைக்குப் பின் அமர்ந்தவள், என்னும் ஒரு வகையை வளர்த்தெடுத்தன. 1867, 1877 ஆகிய ஆண்டுகளில் பிரிவி கவுன்சில் அளித்த தீர்ப்புகள் இதன் அடிப்படைகளுள் சிலவாகும். இத்தகைய பெண் ஓர் ஆவணத்தில் கையொப்பமிட்டால், அவள் அதன் பொருளை உணர்ந்தே இட்டாள் என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு, அவ்வாவணத்தால் பயன் பெறுவோரைச் சார்ந்தது. பிற சமயத்து நீதிபதிகளின் இந்நோக்கில் இகழ்ச்சி இல்லை; பாதுகாப்பே உண்டு. ஆயினும் அப்பாதுகாப்பு, அவளைத் தானே முடிவெடுக்க இயலாதவளாகக் கொண்டதன் விளைவு. இந்து, முஸ்லிம் என்ற வேறுபாடின்றி இவ்விதி இருசாராருக்கும் பொருந்தியது. 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம், 132ஆம் பிரிவில், நாட்டு வழக்கப்படி பொதுவிடத்தில் தோன்றுமாறு கட்டாயப்படுத்தத் தகாத பெண்களுக்கு நீதிமன்றத்தில் நேர்நிற்பதிலிருந்து விலக்களித்தது. அப்பிரிவில் பர்தா என்னும் சொல் இல்லை, வழக்கமே குறிக்கப்பட்டது. சட்டம் பெயரைத் தவிர்த்த இம்முறை பின்னரும் ஒப்புநோக்கத்தக்கது.

சென்னையில் 1885இல் மேரி ஷார்லீப் அம்மையாரின் முயற்சியால் தோன்றிய பெண்கள் மருத்துவமனை, சாதி இந்துப் பெண்களுக்கும் கோஷாப் பெண்களுக்கும் உரியது என்பதைத் தன் பெயரிலேயே கொண்டிருந்தது. பின்னர்க் கஸ்தூரிபாய் காந்தியின் பெயரைப் பெற்ற அம்மருத்துவமனையை மக்கள் ‘கோஷா ஆஸ்பத்திரி’ என்றே வழங்கினர். ஆடவர் மருத்துவரை அணுகாத இரு குழுவினர் ஒரே பெயர்ப்பலகையில் இணைக்கப்பட்டமை கருதத்தக்கது. அக்காலச் சென்னையில் கோஷா என்பது அயன்மையைக் காட்டிலும் குடும்ப மதிப்பையே உணர்த்தியது எனலாம். இடத்தின் பெயர் வழக்கத்துக்கும், வழக்கத்தின் பெயர் அதனைக் கைக்கொண்ட பெண்களுக்கும், அவர்கள் பெயர் மருத்துவமனைக்கும் ஆகிவந்த இத்தொடர் ஆகுபெயருக்கு நல்ல எடுத்துக்காட்டு.

இக்கலப்பினை உள்ளிருந்தே பிரித்துக் காட்டியவர் வங்காளத்து ரொக்கையா சகாவத் உசைன் அம்மையார். அவரது ‘சுல்தானாவின் கனவு’ 1905இல், சென்னையிலிருந்து கமலா சத்தியநாதன் நடத்திய ‘இந்தியன் லேடீஸ் மேகஸின்’ என்னும் ஆங்கில இதழில் வெளிவந்தது. ஆடவர் உள்ளே அடைந்திருக்க, பெண்கள் நாட்டை ஆளும் கற்பனை அது. ஒரு கிறித்தவப் பெண்மணி நடத்தி, பல சமயப் பெண்கள் படித்த இதழில் இது இடம்பெற்றது. பெண்கள் அடைபட்டிருத்தலை ‘அபரோத்’ என்று குறித்து அதனைக் கடுமையாகத் தாக்கிய அதே எழுத்தாளர், ‘போர்க்கா’ என்னும் கட்டுரையில் ஆடையைத் தனியே எடுத்து அதற்கு ஆதரவாக வாதிட்டார். வங்காளியில் அவர் இரு சொற்களால் பிரித்ததை ஆங்கிலம் பர்தா என்னும் ஒரு சொல்லால் சேர்த்துவிட்டது. அவரைப் பர்தாவின் எதிரி என்றோ ஆதரவாளர் என்றோ கூறுவது இரண்டும் இதனாலேயே பிழையாகும்.

4. பிரான்சில் பெயர் மாறிய வகை

பெயரும் மனப்பாங்கும் ஒன்றையொன்று தொடர்ந்து செல்வதை அண்மைக்காலப் பிரெஞ்சு வரலாற்றில் தெளிவாகக் காணலாம். 1989இன் இலையுதிர் காலத்தில், பாரிசுக்கு வடக்கேயுள்ள கிரேய் நகரப் பள்ளியொன்றில் மூன்று மாணவியர் தலைத்துணியை அகற்ற மறுத்து விலக்கப்பட்டனர். அப்போது பரவலாக வழங்கிய சொல் ‘ஃபுலார்’. அதாவது எந்தப் பெண்ணும் கட்டிக்கொள்ளக்கூடிய தலைத்துணி. அதனுடன் ‘இஸ்லாமிய’ என்னும் அடை சேர்த்துப் பேசினர். அவ்வாண்டு நவம்பர் 27 அன்று அரசின் உயர் நிருவாக மன்றம், சமய அடையாளம் அணிவது தன்னளவில் அரசின் சமயச் சார்பின்மைக்கு முரணாகாது என்றும், வற்புறுத்தலோ சமயப் பரப்புரையோ ஆகும்போதே அதற்கு எல்லை உண்டு என்றும் கருத்துரைத்தது.

பின்வந்த ஆண்டுகளில் ஃபுலார் என்பதன் இடத்தை ‘வொால்’ மிகுதியாகக் கைப்பற்றியது. வொால் என்பது கத்தோலிக்கக் கன்னியர் அணியும் முக்காட்டின் பெயருமாகும். பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் முக்காட்டை ஏற்றல் என்னும் தொடர் துறவு மடத்திற் சேர்தலைக் குறிக்கும். திருச்சபையையும் அரசையும் பிரித்த 1905ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு முன்னும் பின்னும் நெடுங்காலம் மடங்களோடு போராடிய நாடு அது. பள்ளி மாணவியின் தலைத்துணி வொால் என்று பெயர் பெற்றதும், அந்நாட்டார் தம் பழைய வழக்கின் நினைவுகளையும் அதன்மேல் ஏற்றினர். அவர்கள் எதிர்த்ததில் ஒரு பகுதி இஸ்லாம். மற்றொரு பகுதி அவர்தம் சொந்த வரலாறு. மொழிபெயர்ப்பில் எளிதில் தொலைந்துபோகும் கூறு இதுவே.

1994இல் கல்வி அமைச்சின் சுற்றறிக்கை பகட்டாகக் காட்டும் அடையாளங்களை விலக்கியது. 2004 மார்ச் 15ஆம் நாள் சட்டம், சமயச் சார்பை வெளிப்படத் தெரியும்படி காட்டும் அடையாளங்களையும் உடைகளையும் அரசுப் பள்ளிகளில் தடை செய்தது. பகட்டு என்பது அணிபவரின் நோக்கத்தைச் சாடும் சொல். வெளிப்படத் தெரிதல் அத்துணைப் பழிப்பற்றது. இவ்வேறுபாடு தற்செயலானதன்று. கீழவையில் 494 பேர் ஆதரித்து 36 பேர் எதிர்த்த இச்சட்டத்தில் முக்காட்டின் பெயர் எதுவும் இல்லை. அதனாலேயே அது சீக்கிய மாணவரின் தலைப்பாகையையும் தொட்டது. அம்மாணவருட் சிலர் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டனர்.

மூன்றாம் கட்டம் 2009-10. இப்போது பொதுவழக்கில் வழங்கிய பெயர் ‘புர்கா’. 2001இல் தொடங்கிய ஆப்கானியப் போரின்போது, கண்ணுக்கு வலையிட்ட நீலநிற ‘சாதரி’யின் படங்கள் உலகெங்கும் பரவின; தெற்காசியச் சொல்லான புர்காவே அவ்வாடைக்கு மேலைநாடுகளில் பெயராயிற்று. பிரான்சில் முகத்தை மூடிய பெண்கள் பெரும்பாலும் அணிந்தது கண்களைத் திறந்துவிடும் நிகாப். அரசின் மதிப்பீட்டின்படி அவர்கள் ஏறத்தாழ 1,900 பேர். 2010 அக்டோபர் 11ஆம் நாள் சட்டமோ பொதுவிடத்தில் முகத்தை மறைத்தலையே தடுத்தது; புர்கா, நிகாப், பெண், இஸ்லாம் ஆகிய சொற்கள் அதன் தடைவிதியில் இல்லை. ஆயினும் செய்திகளில் அது ‘புர்காச் சட்டம்’ என்றே உலாவந்தது. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2014 ஜூலை 1 அன்று இச்சட்டத்தை ஏற்றபோது, ஆண் பெண் சமத்துவம் என்ற வாதத்தை ஏற்காமல், ஒருங்கு வாழ்தல் என்ற அடிப்படையையே ஏற்றது.

இருபது ஆண்டுகளில் பெயர் ஃபுலாரிலிருந்து வொாலுக்கும், வொாலிலிருந்து புர்காவுக்கும் சென்றது. ஒவ்வொரு பெயரும் முன்னதைவிட அயன்மை மிக்கது. ஒவ்வொன்றும் முன்னதைவிட அதிகமாக மறைக்கும் துணியைச் சுட்டுவது. 1989இன் மாணவியர் முகத்தை மூடியவர்கள் அல்லர். எனினும் பிற்காலப் பெயரால் அம்முற்கால நிகழ்ச்சியை விவரிப்போர் உண்டு.

5. கருத்துக் கணிப்பும் பெயர்ச்சொல்லும்

பொதுமக்கள் மனப்பாங்கை எண்ணால் அளக்க முயலும் கணிப்புகள், வினாவில் வைக்கும் பெயர்ச்சொல்லைப் பொறுத்தே விடை பெறுகின்றன. பியூ ஆய்வு மையம் 2010இல் கண்கள் தவிர முகம் முழுவதையும் மூடும் ஆடையைப் பொதுவிடங்களில் தடைசெய்தல் பற்றி வினவியது. தடையைப் பிரான்சில் 82, ஜெர்மனியில் 71, பிரிட்டனில் 62, ஸ்பெயினில் 59 விழுக்காட்டினர் ஆதரித்தனர். அமெரிக்க ஐக்கிய நாட்டில் ஆதரித்தோர் 28 விழுக்காட்டினரே. இவ்வெண்களைத் தமிழில் தருவோர் ‘ஹிஜாப் தடைக்கு ஆதரவு’ என்று எழுதினால், கேட்கப்படாத வினாவுக்குக் கொடுக்கப்படாத விடையைத் தந்தவராவர். முகத்திரையை எதிர்ப்போர் அனைவரும் தலைமுக்காட்டை எதிர்ப்போர் அல்லர். பிரிட்டனில் 2006இல் ஜேக் ஸ்ட்ரா தம்மைக் காணவரும் பெண்கள் முகத்திரையை விலக்கிப் பேசுவதை விரும்புவதாக எழுதிப் பெரும் விவாதத்தைக் கிளப்பினார். தலைத்துணி அணியும் உரிமையைத் தாம் ஆதரிப்பதாக அவர் அவ்விடத்திலேயே கூறியிருந்தார்.

இந்தியாவைப் பற்றி அதே மையம் 2021இல் வெளியிட்ட ஆய்வு இதன் மறுபக்கத்தைக் காட்டுகிறது. 2019-20இல் ஏறத்தாழ 30,000 பேரிடம் நடத்தப்பட்ட அக்கணிப்பில், வீட்டுக்கு வெளியே தலையை மூடுவதாகக் கூறிய பெண்கள் 61 விழுக்காடு: முஸ்லிம் பெண்களில் 89, சீக்கியரில் 86, இந்துக்களில் 59 விழுக்காடு. ‘தலையை மூடுதல்’ என்று வினவினால் அது பல சமயத்தார்க்கும் பொதுவான வழக்கம். ‘ஹிஜாப்’ என்று வினவினால் அது ஒரு சமயத்தின் தனியடையாளம். துணி ஏறத்தாழ ஒன்றாயினும் பெயர் வேறாகும்போது பிறர் பார்வையும் வேறாகிறது.

6. உடுப்பியும் தமிழ் வழக்கும்

2021இன் இறுதியில் கர்நாடகத்தின் உடுப்பியில், அரசுப் பல்கலைக்கழக முன்வகுப்புக் கல்லூரியொன்றின் மாணவியர் தலைத்துணியுடன் வகுப்பறையில் அமரக்கூடாது எனத் தடுக்கப்பட்டமை பெரும் வழக்காயிற்று. சீருடை பற்றி 2022 பிப்ரவரி 5 அன்று மாநில அரசு ஆணை பிறப்பித்தது; மார்ச் 15 அன்று உயர்நீதிமன்றம் ஹிஜாப் இஸ்லாத்தின் இன்றியமையாச் சமய நடைமுறை அன்று எனக் கூறி மனுக்களைத் தள்ளியது. அக்டோபர் 13 அன்று உச்சநீதிமன்றத்தின் இரு நீதிபதிகளும் வேறுபட்டனர். ஹேமந்த் குப்தா மேல்முறையீட்டைத் தள்ளினார்; சுதான்ஷு தூலியா அதனை ஏற்று, இறுதியில் இது தேர்வுரிமை சார்ந்தது என்றார். வழக்கு உரிய அமர்வை நிறுவுவதற்காகத் தலைமை நீதிபதியின் முன் வைக்கப்பட்டது. வழக்கின் பொருள் முகம் திறந்த தலைத்துணி. பொதுப்பேச்சிலோ ஹிஜாப், பர்தா, புர்கா ஆகிய மூன்றும் ஒன்றின் இடத்தில் ஒன்றாக நின்றன. தலைத்துணிக்கான கோரிக்கையைப் புர்காவுக்கான கோரிக்கை என்று கேட்டவர், கேளாத ஒன்றை மறுத்தவராகிறார்.

தமிழில் இக்குழப்பத்தைத் தவிர்க்கப் போதிய சொல்வளம் உண்டு. ‘முக்காடு’ எச்சமயத்துக்கும் உரிய சொல். முழுதும் நனைந்தபின் முக்காடு எதற்கு என்னும் பழமொழியில் அது மழைக்கு இடும் துணியே. தமிழ் விவிலியத்தில் பெண்கள் தலையை மூடுவதற்கும், மோசே முகத்தை மூடியதற்கும் அச்சொல்லே வருகிறது. தமிழ் முஸ்லிம் பெண்கள் புடவைமேல் போர்த்திய வெள்ளைத் ‘துப்பட்டி’ ஒரு தனியாடை. அதனைப் புர்கா என மொழிபெயர்ப்பது ஒரு வட்டாரத்தின் வரலாற்றையே அழிப்பதாகும். இதற்கு மாறாக ‘பர்தா’ இன்றைய தமிழில் பெரும்பாலும் கருநிற மேலங்கியைக் குறிக்கிறது. எனவே ராஜபுத்திர அரசியர் பர்தாவில் வாழ்ந்தனர் என்னும் ஆங்கிலத் தொடரை அப்படியே பெயர்த்தால், தமிழ் வாசகர் அவ்வரசியரைக் கருப்பு அங்கியில் காண்பர். அங்குத் ‘திரைக்குப் பின்’ அல்லது ‘கோஷா முறையில்’ என்பதே பொருந்தும்.

இவற்றினின்று மொழிபெயர்ப்பாளர் கொள்ளத்தக்க நெறிகள் மூன்று. முதலாவது, மூலம் பேசுவது இடத்தையா, துணியையா என்று துணிதல். துணியாயின் தலை, முகம், உடல் என்பனவற்றுள் எதனை மூடுகிறது என்று காணல். இரண்டாவது, சட்டம் பெயரைத் தவிர்த்திருந்தால் மொழிபெயர்ப்பிலும் அதனைத் தவிர்த்தல். ‘முகத்தை மறைத்தல்’ என்னும் விதியைப் ‘புர்கா’ என்று பெயர்ப்பவர் சட்டம் சொல்லாததைச் சொல்கிறார். மூன்றாவது, ஆடையின் பெயரால் ஆளைச் சுட்டும் தானியாகுபெயரில் விழிப்பாயிருத்தல். ‘புர்காக்கள் வந்தன’ என்னும் வழக்கை மேற்கோளாகத் தரலாம். மொழிபெயர்ப்பாளர் தம் நடையாகக் கொள்ளலாகாது.

பிற சமயத்தாரின் மனப்பாங்கு ஆதரவாயினும் எதிர்ப்பாயினும் அதனை உள்ளவாறு தெரிவிப்பது மொழிபெயர்ப்பாளர் கடமை. அதனை மிகுத்தோ குறைத்தோ காட்டும் ஆற்றல் ஒரு பெயர்ச்சொல்லுக்கு உண்டு. தலைத்துணியோடு வகுப்பில் அமர விரும்பிய மாணவி, நீதிமன்றத் தமிழிலும் செய்தித் தமிழிலும் தலைத்துணியோடேயே தோன்ற வேண்டும். அவள் அணியாத ஆடையைச் சொல்லால் அவளுக்கு அணிவிக்க யாருக்கும் உரிமை இல்லை.